குடல் ஆபரேஷனுக்குப் பிறகு மலச்சிக்கல்: நார்ச்சத்துக்கு அவசரம் வேண்டாம்

குடலில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் இரண்டு நாள் வெளிக்குப் போகவில்லை என்றால், சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கீரை கொடு, பழம் கொடு, நார்ச்சத்து சேரட்டும். நலமாக இருக்கும் குடலுக்கு அது நல்ல யோசனை. வெட்டி இணைத்த குடலுக்கு, முதல் சில வாரங்களில், அதுவே தொல்லையாக முடியலாம். இணைத்த இடம் வீங்கியிருக்கும், அதனால் உள்வழி குறுகியிருக்கும். குடலின் அசைவும் முழுதாகத் திரும்பியிருக்காது. அந்த நிலையில் மலத்தின் அளவைக் கூட்டக் கூடாது. இருக்கிற மலத்தை இளக்கமாக வைத்து, தாமதமின்றி வெளியேற்ற வேண்டும். இதை முதல் நாளிலேயே புரிந்துகொண்டால் பிறகு வரும் அவதியில் பெரும்பகுதி வராமலே போகும்.

கீழே சொல்லும் அளவுகள் பெரியவர்களுக்கான வழக்கமான அளவுகள். உங்களுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவர் வேறு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் முடிவு. எந்த இடத்தில் வெட்டினார், எப்படி இணைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

குடல் ஏன் நின்றுபோகிறது

வயிற்றைத் திறந்து குடலைக் கையாண்டாலே அது சில காலம் அசைவை நிறுத்திக்கொள்ளும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும் இது உண்டு, பொதுவாகச் சீக்கிரம் சரியாகிவிடும். சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளில் அசையத் தொடங்கும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். கடைசியில் விழிப்பது பெருங்குடல், அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் வார்டில் தினமும் "காற்று பிரிந்ததா?" என்று கேட்கிறார்கள். வாயு முதலில், மலம் அதற்குப் பின் என்பதுதான் வழக்கமான வரிசை. முதல் மலம் தளர்வாக, கொஞ்சம் பழைய கரிய ரத்தத்தோடு வருவதும் பெருங்குடலை வெட்டி இணைத்தவர்களுக்கு அபூர்வம் அல்ல. சிவந்த புது ரத்தம் நிறையப் போனாலோ கட்டிகட்டியாகப் போனாலோ அது வேறு விஷயம், உடனே சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் இருக்கும்போதே செய்யக்கூடியவை உண்டு. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் முன்வைத்த விரைவு மீட்பு முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. நீண்ட பட்டினி வேண்டாம், சீக்கிரம் வாய்வழி உணவு, சீக்கிரம் எழுந்து நடத்தல், மார்ஃபின் வகை மருந்துகளை முடிந்தவரை குறைத்தல் ஆகியவை அதன் அடிப்படை. சூயிங் கம் மெல்லச் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். மெல்லும்போது மூளை "சாப்பாடு வருகிறது" என்று எடுத்துக்கொண்டு குடலுக்குச் சைகை அனுப்புகிறது. நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி முதல் அரை மணி நேரம் மென்றால் போதும். எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவு பலன் தெரியவில்லை என்றாலும் கெடுதல் அநேகமாக இல்லை என்பதால் நான் இதற்கு ஆதரவு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் அரைத்தூக்கத்தில் இருப்பவர்களும் மட்டும் தவிர்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு காரணங்கள் மாறுகின்றன. வலி மாத்திரை, குறைந்த தண்ணீர், குறைந்த சாப்பாடு, படுத்தே கிடத்தல், "முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ" என்ற பயத்தில் வரும் உணர்வை அடக்குதல் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. பெருங்குடலின் முக்கிய வேலை நீரை உறிஞ்சுவது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் திரவம் அதற்குள் வருகிறது, மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மி.லி. தான். மலம் உள்ளே எத்தனை நேரம் தங்குகிறதோ அத்தனை வறண்டுபோகும். அதனால் இன்று அடக்கிய மலம் நாளை இன்னும் கடினமாக இருக்கும். கடினமான மலம் ஆசனவாயில் வெடிப்பை உண்டாக்கும், வெடிப்பு வலிக்கும், வலிக்குப் பயந்து மறுபடி அடக்கத் தோன்றும். இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் வெளியே வருவது கடினம்.

வலி மாத்திரைதான் முதல் சந்தேக நபர்

மார்ஃபின், கோடீன், ஆக்ஸிகோடோன், டாபென்டடால், டிராமடால் எல்லாம் ஓபியாய்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை மூளையில் வலியைக் குறைப்பது போலவே குடல் சுவரில் உள்ள அதே வகை ஏற்பிகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. அப்போது மலத்தை முன்னே தள்ளும் அலை தளர்கிறது, குடல் சுரக்கும் நீர் குறைகிறது, ஆசனவாய்த் தசை இறுகுகிறது. தூக்கக் கலக்கம், குமட்டல் போன்ற மற்றப் பக்க விளைவுகள் சில நாளில் பழகிப்போகும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

ஆகவே ஓபியாய்டு தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மூன்று நாள் காத்திருந்து, கட்டிக்கொண்ட பிறகு யோசிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரை இருந்து மலமிளக்கி இல்லையென்றால் கிளம்பும் முன் கேளுங்கள்: "இது மலத்தைக் கட்டுமே, கூட என்ன எடுக்கட்டும்?"

வலி மருந்தைத் திடீரென நிறுத்துவது இதற்குத் தீர்வு அல்ல. வலியோடு இருப்பவர் நடக்க மாட்டார், இருமி சளியை வெளியேற்ற மாட்டார், அதனால் வேறு சிக்கல்கள் வரும். பாராசிட்டமாலை நேரம் வைத்து, வலி வரும் வரை காத்திராமல் எடுத்துக்கொண்டால் ஓபியாய்டின் தேவை தானாகக் குறையும். வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம், ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகாமல். 50 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவு, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டிராமடாலோடு பாராசிட்டமால் கலந்து வரும் மாத்திரைகள் இருக்கின்றன. அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்து எடுத்தால் பாராசிட்டமால் அளவு மீறிவிடும். ஐபுபுரோஃபென், டைக்லோஃபினாக் போன்றவை மலத்தைக் கட்டாது. ஆனால் குடல் இணைப்பு ஆறுவதையும் சிறுநீரகத்தையும் எண்ணிச் சில மருத்துவர்கள் அவற்றைத் தவிர்ப்பார்கள். கேட்காமல் எடுக்க வேண்டாம்.

ஓபியாய்டு மட்டும் அல்ல. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த அமில நீக்கி, வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான், அமிட்ரிப்டிலின், கோடீன் சேர்ந்த இருமல் சிரப் எல்லாம் கட்டும். ரத்தம் குறைந்தவருக்கு இரும்புச்சத்து அவசியம்தான். அதை நாள்விட்டு நாள் எடுக்கலாமா, ஊசியாகக் கொடுக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

எந்த மலமிளக்கி, எவ்வளவு

பெரும்பாலானவர்களுக்கு முதலில் பொருந்துவது பாலிஎதிலீன் கிளைகால் பொடி. ஒரு நாளைக்கு 17 கிராம், அதை 120 முதல் 240 மி.லி. தண்ணீரிலோ வேறு பானத்திலோ முழுதாகக் கரைத்துக் குடிக்க வேண்டும். குடலைச் சுண்டி இழுக்காது. நீரை மலத்துக்குள்ளேயே பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். நேற்றுக் குடித்தேன், இன்று ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடக் கூடாது என்பதும், முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

லாக்டுலோஸ் சிரப்பும் இதே வகை. 15 மி.லி. ஒரு வேளையோ இரு வேளையோ எடுப்பது வழக்கம், ஒன்றிரண்டு நாளில் வேலை செய்யும். ஆனால் பெருங்குடலில் உள்ள கிருமிகள் இதை நொதிக்கவைப்பதால் வாயு சேரும். ஏற்கெனவே வயிறு உப்பலாக இருப்பவருக்கு இது சங்கடம். அப்படிப்பட்டவருக்கு நான் பொடியைத்தான் சொல்வேன்.

ஓபியாய்டு எடுப்பவர்களுக்கு மலத்தை இளக்கினால் மட்டும் பல நேரம் போதாது, தள்ளுவதற்கும் ஒன்று வேண்டும். அதற்குத்தான் சென்னா, பிசாகோடில். சென்னாவை இரவில் எடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில், அதாவது காலையில், வேலை செய்யும். பிசாகோடில் 5 முதல் 10 மி.கி., அதுவும் இரவில்தான். பிசாகோடில் மாத்திரையைப் பாலோடோ அமில நீக்கியோடோ சேர்த்து விழுங்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மேலுறை இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். மாத்திரையை உடைப்பதும் மெல்லுவதும் கூடாது. இந்தத் தூண்டும் வகை மருந்துகள் குடலைச் சுருக்கித் தள்ளுபவை. புதிதாக இணைத்த குடல் உள்ளவர்கள் எந்த நாளிலிருந்து எடுக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்தவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

மலத்தை மிருதுவாக்கும் மருந்தான டாக்குசேட் பல சீட்டுகளில் இருக்கும். தனியாக அது பெரிதாக எதையும் செய்வதில்லை, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மக்னீசியம் பால் (மில்க் ஆஃப் மக்னீசியா என்ற மலமிளக்கி) சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது, ரத்தத்தில் மக்னீசியம் ஏறிவிடும். லிக்விட் பாரஃபினைப் படுத்த படுக்கையாக இருப்பவர்களும் விழுங்கச் சிரமப்படுகிற முதியவர்களும் குடித்தால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம், கடுமையாகப் பிசைந்து நீரை இழக்க வைக்கும். இசப்கோல் நல்ல பொருள்தான், ஆனால் இப்போது அல்ல. அது நீரை இழுத்து ஊதி, ஊதிய அந்த மொத்தையைத் தள்ளும் பொறுப்பைக் குடலிடம் விட்டுவிடுகிறது. ஓபியாய்டால் தளர்ந்து, இணைப்பு வீங்கியிருக்கும் குடலால் அதைத் தள்ள முடியாமல் போனால் அடைப்பே வரலாம்.

மலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை உதவும். ஒன்று என்பது தனித்தனி உருண்டைகள், ஏழு என்பது வெறும் நீர். மிருதுவாக, நீளமாக வரும் நான்காம் வகைதான் இலக்கு, மூன்றும் ஐந்தும் பரவாயில்லை. ஒன்றோ இரண்டோ வந்தால் மலமிளக்கியைக் கூட்டுவது பற்றிக் கேளுங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு முறை தண்ணீராகப் போனால் அந்த வேளை மருந்தை நிறுத்தி, அளவைப் பாதியாக்கித் தொடருங்கள். அடியோடு நிறுத்திவிட்டுப் பிறகு கட்டிக்கொண்டதும் மறுபடி தொடங்கினால் குடலை அலைக்கழிப்பதுதான் மிஞ்சும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பல நாளாக மலம் போகாதவருக்குத் திடீரென நீர் நீராகக் கசிந்தால் அது வயிற்றுப்போக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும் மலத்தின் ஓரமாக நீர் வழிந்து வருவதாகவும் இருக்கலாம். அதைப் பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் லோபெரமைடு கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஆசனவாய் வழியாக எதுவும் வேண்டாம். எனிமா, கிளிசரின் சப்போசிட்டரி, விரலால் எடுப்பது, வெப்பமானி வைப்பது எதையும் மருத்துவர் நேரில் சொல்லாமல் செய்யக் கூடாது. மலக்குடலுக்கு அருகே இணைப்பு இருந்தால் எனிமா குழலின் முனையோ உள்ளே செலுத்தும் நீரின் அழுத்தமோ அந்த இணைப்பைச் சிதைத்துவிடும். வீட்டில் அன்போடு செய்யப்படும் உதவிகளிலேயே அதிக ஆபத்தானது இதுதான். அதனால் பராமரிப்பவர்கள் அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர், சாப்பாடு

தண்ணீர் இல்லாமல் எந்த மலமிளக்கியும் சரியாக வேலை செய்யாது. நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், ஒரே மூச்சில் அல்ல, விழித்திருக்கும் நேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் தனி அளவு சொல்லியிருப்பார்கள், அதை மீறக் கூடாது. காபி பெருங்குடலைத் தூண்டும். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் காலையில் ஒரு கோப்பை நல்லதுதான்.

முதல் சில வாரங்களில், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரம் வரை, சக்கை குறைந்த உணவு. வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன், தோல் நீக்கி நன்றாக வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு போன்றவை. மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறிய வேளை. தோல், விதை, கொட்டைகள், சோளம், காளான், பச்சைக் காய்கறி, நார்நாராக இருக்கும் எதுவும் இப்போது வேண்டாம். சாப்பிடுவதைக் கூழாகும் வரை மெல்ல வேண்டும். பல் கட்டு சரியாக இல்லாதவர்கள் மசித்தே சாப்பிடட்டும்.

பிறகு நார்ச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும், கொஞ்சமாக. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. ஓட்ஸ், நன்கு பழுத்த வாழைப்பழம், தோல் சீவி வேகவைத்த ஆப்பிள் போன்ற கரையும் நார் முதலில். தவிடும் முழுத் தானியமும் பச்சைக் கீரையும் கடைசியில். உலர்ந்த பிளம் பழத்தில் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகை இருக்கிறது, அது நீரை இழுத்து மலத்தை இளக்கும். சக்கை இல்லாத அதன் சாறு சில பேருக்கு மருந்துக்குச் சமமாக உதவும், ஆனால் வாயு சேர்கிறதா என்று பார்த்துக் குடிக்க வேண்டும். எதைச் சேர்த்தபோது வயிறு உப்பியது என்று குறித்து வைத்தால், அந்த ஒன்றை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்றதைத் தொடரலாம்.

உட்காரும் விதம்

காலைச் சாப்பாடு முடிந்து இருபது முப்பது நிமிடத்தில் பெருங்குடல் இயல்பாகவே ஒருமுறை அசையும். உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் போய் உட்காருங்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் 15 முதல் 20 செ.மீ. உயரப் பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி, முழங்கை தொடையில் ஊன்றி முன்னால் சாய வேண்டும். இந்த நிலையில் மலக்குடலைக் கொக்கிபோல் வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது. தரையில் குந்துவது முதல் வாரங்களில் வயிற்றுத் தழும்பை மடக்கி வலிக்கச் செய்யும், எழும்போதும் இழுக்கும்.

மூச்சை அடக்கி முக்க வேண்டாம். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, தையலிட்ட வயிற்றுச் சுவர்தான் அதைத் தாங்க வேண்டிவரும். அங்கே பிற்பாடு குடலிறக்கம் வர அதுவும் ஒரு காரணமாகலாம், மூலமும் வரும். சிறு தலையணையைத் தழும்பின் மேல் அணைத்துப் பிடித்து, வாயைத் திறந்து மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி, இடுப்பைத் தளர்த்தி விடுங்கள். பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கைபேசியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூலம்தான் வீங்கும்.

நடை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து பத்து நிமிடமாக நாளில் ஐந்தாறு முறை, வீட்டுக்குள்ளேயே போதும். அந்த நடையும் வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அமைந்தால் நல்லது.

எந்த ஆபரேஷன் என்பது முக்கியம்

பெருங்குடலின் வலப்பகுதியை எடுத்தவர்களுக்கு மலச்சிக்கலைவிடத் தளர்ந்த மலமே அதிகம், பித்த உப்புகள் பெருங்குடலுக்குள் இறங்குவது அதற்கு ஒரு காரணம். மலக்குடலை வெட்டி இணைத்தவர்கள் ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போவார்கள், முழுதாகப் போகவில்லை என்ற உணர்வும் இருக்கும். அதை மலச்சிக்கல் என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் ஓட்டம் இன்னும் அதிகமாகும். மலத்தைச் சேமிக்கும் பை போன்ற பகுதி போய்விட்டதால் வருவது அது. அதற்கு வேறு சிகிச்சை உண்டு, கேளுங்கள்.

மலம் வெளியேற வயிற்றில் வழி செய்து பை வைத்தவர்களில், கொலாஸ்டமி (பெருங்குடலிலிருந்து வரும் வழி) உள்ளவருக்கு மலச்சிக்கல் வரும், மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். இலியாஸ்டமி (சிறுகுடலிலிருந்து வரும் வழி) உள்ளவர் மலமிளக்கி எடுக்கவே கூடாது. சிறுகுடலிலிருந்து நேராக வெளிவருவதால் அங்கே மலம் எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும். மருந்து எடுத்தால் நீரும் உப்பும் வடிந்து மயங்கி விழுவார்கள். ஆறு மணி நேரமாகப் பையில் ஒன்றும் வரவில்லை, வயிறும் பிசைகிறது என்றால் அது அடைப்பு, உடனே மருத்துவமனை.

பை இல்லாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வயிறு ஊதிக்கொண்டே போகிறது, மலமும் இல்லை, காற்றும் பிரியவில்லை, அலை அலையாக வலி, பச்சையாகவோ மஞ்சளாகவோ வாந்தி என்றால் மலமிளக்கியைத் தொடக் கூடாது. அடைத்த குழாயில் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். வயிற்றுக்குள் குடலை ஒட்டவைக்கும் ஒட்டுத்தழும்புகளால் வரும் இத்தகைய அடைப்பு ஆபரேஷன் முடிந்து பல ஆண்டு கழித்தும் வரலாம். முதல் இரண்டு வாரங்களில் காய்ச்சல், நடுக்கம், படபடப்பு, குறைந்துவந்த வலி திடீரென ஏறுவது, வயிறு பலகைபோல் இறுகுவது ஆகியவை இணைப்பு கசிவதன் அறிகுறிகள். இதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வயிறு மெத்தென்று இருக்கிறது, காற்று பிரிகிறது, சாப்பிட முடிகிறது, ஆனால் மூன்று நாளாக மலம் இல்லை என்றால் அவசரம் அல்ல, ஆனாலும் அன்றே தொலைபேசியில் கேளுங்கள். அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆபரேஷன் நடந்த தேதி, எந்தப் பகுதியை வெட்டினார்கள், கடைசியாகக் காற்று பிரிந்த நேரம், கடைசியாக மலம் போன நாளும் அது பிரிஸ்டல் அட்டவணையில் எத்தனையாவது வகை என்பதும், வாந்தி இருந்தால் அதன் நிறம், உடல் வெப்பம், நாடித்துடிப்பு, கடந்த 24 மணி நேரத்தில் எடுத்த ஒவ்வொரு மாத்திரையும் அதன் அளவும்.